இளம் மலைச்சாலை வீரரின் வளர்ச்சியைப் பின்தொடர்வது எப்படி? சாலை சைக்கிள் பந்தயத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாலை சைக்கிள் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்றைய சாம்பியனை விட்டுவிடுங்கள். மலைச்சாலைகளில் இப்போதுதான் கண்ணில் படத் தொடங்கியிருக்கும் 20, 21 வயது இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் கவனியுங்கள். சாம்பியனைப் பார்ப்பவருக்கு யார் வென்றார் என்பது தெரியும். வளரும் வீரரைப் பார்ப்பவருக்குக் காற்று, சாய்வு, பசி, களைப்பு, அணிக்குள் இருக்கும் படிநிலை, பயம் என இந்த விளையாட்டு எவற்றால் ஆனதோ அவை எல்லாமே தெரிய வரும்.

ஆனால் சரியான கேள்வியோடு பார்க்க வேண்டும். "இவர் எப்போது டூர் டி பிரான்ஸை வெல்வார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "சென்ற ஆண்டு இவரால் முடியாதிருந்த எது இந்த ஆண்டு முடிகிறது?" என்று கேளுங்கள். கீழே வரும் படிகள் அந்தக் கேள்விக்கு நீங்களே விடை காண்பதற்கான வழிகள். எடுத்துக்காட்டாக மெக்சிகோவின் ஈசாக் தெல் தோரோவை எடுத்துக்கொள்கிறேன். 2003 நவம்பரில் என்செனாடா நகரில் பிறந்தவர், 2024 முதல் யுஏஇ டீம் எமிரேட்ஸ் அணியில் ஓட்டுகிறவர். அவருடைய முதல் இரண்டு தொழில்முறை ஆண்டுகளிலேயே ஒரு புதிய ரசிகர் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதல் படி: மலை ஏன் தீர்மானிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மூன்று வாரப் பந்தயங்கள் மூன்று உண்டு: மே மாதத்தில் இத்தாலியின் ஜிரோ, ஜூலையில் டூர் டி பிரான்ஸ், ஆகஸ்டு இறுதியில் ஸ்பெயினின் வுவெல்டா. ஒவ்வொன்றிலும் 21 கட்டங்கள், நாளுக்கு ஒன்று. அணிக்கு எட்டு வீரர்கள். தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தையெல்லாம் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவரே வெல்கிறார்.

சமவெளியில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும்போது வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் அந்தச் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் 150 பேர் ஒரே கூட்டமாக வந்து சேர்கிறார்கள். அவர்களுக்குள் நேர வித்தியாசமே இருப்பதில்லை. சாலை 9 சதவீதச் சாய்வில் மேலேறத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. வேகம் மணிக்கு 18, 20 கி.மீ. அளவுக்கு இறங்குகிறது. காற்றின் பங்கு சுருங்கி, உடல் எடையை மேலே தூக்கும் வேலையே பெரிதாகிறது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை. பலவீனம் உள்ளவர் அரை மணி நேரத்தில் இரண்டு நிமிடம் இழப்பார். சமவெளியில் பத்து நாள் ஓட்டினாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே மலைச்சாலை வீரரின் திறனை ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்று அளக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் 360 வாட் ஆற்றலைத் தொடர்ந்து தந்தால் அது கிலோவுக்கு 6 வாட். 75 கிலோ எடையுள்ளவர் அதே வேகத்தில் ஏற 450 வாட் தேவை. அரை மணி நேர ஏற்றத்தில் கிலோவுக்கு 6 வாட் என்பதை, உலகின் முன்வரிசையோடு ஒட்டியிருக்க வேண்டிய அளவின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். உச்சியில் இருப்பவர்கள் அதையும் தாண்டுகிறார்கள்.

இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓய்வாக இருக்கும் காலையில் இதை எட்டும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 180 கி.மீ. ஓட்டி, மூன்று மலைகளைக் கடந்த பிறகு நான்காவது மலையில் அதே எண்ணை எட்டுகிறவர்கள் மிகச் சிலர். வளர்ச்சி என்று பயிற்சியாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது திறனைத்தான்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்டை எடையால் வகுக்கிறோம் என்பதால் எடையைக் குறைத்தால் போதும் என்ற எண்ணம் இந்த விளையாட்டில் நீண்ட காலம் ஆட்சி செய்தது. பல இளைஞர்களின் உடலையும் மனத்தையும் அது கெடுத்திருக்கிறது. போதுமான உணவில்லாத உடலில் எலும்பு பலவீனமாகும், ஹார்மோன் சமநிலை குலையும், களைப்பு தீராது. இன்று முன்னணி அணிகள் பந்தயத்தின்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்தை வீரர்களுக்குக் கொடுக்கின்றன. ஒரு இளைஞர் மெலிந்திருப்பதைக் கண்டு பாராட்டும் வர்ணனையைக் கேட்டால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். மூன்றாவது வாரத்திலும் அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதுதான் நல்ல அறிகுறி.

இரண்டாம் படி: ஏணியைத் தெரிந்துகொண்டு வீரரைத் தேர்ந்தெடுங்கள்

17, 18 வயதினர் ஜூனியர் பிரிவு. 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு. பெரிய அணிகள் பலவும் வளரும் வீரர்களுக்கெனத் தனி அணி நடத்துகின்றன. இந்த ஏணியின் உச்சியில் இருப்பது ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸில் நடக்கும் டூர் டி லவ்னிர். 1961-இல் தொடங்கிய பந்தயம் அது. இப்போது 23 வயதுக்குட்பட்டவர்கள் தத்தம் நாட்டு அணிகளுக்காக அதில் ஓட்டுகிறார்கள்.

அதன் வெற்றியாளர் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் நிறைய விளங்கும். 2017-இல் வென்ற கொலம்பியாவின் ஈகன் பெர்னால் இரண்டே ஆண்டுகளில், 22 வயதில், டூர் டி பிரான்ஸை வென்றார். 2018-இல் வென்ற சுலோவீனியாவின் தாதேய் போகாச்சாரும் இரண்டே ஆண்டுகளில், 22-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பாரிஸில் டூர் வெற்றியாளரின் மஞ்சள் ஜெர்சியோடு நின்றார். இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் லவ்னிரை வென்றவர் எல்லாம் டூரையும் வெல்வார் என்ற தவறான முடிவுக்கு வருவோம். 2019-இல் வென்ற நார்வேயின் தோபியாஸ் ஃபோஸ் மலைகளில் பெரிய வெற்றியாளராக வரவில்லை. 2022-இல் ஆஸ்திரேலியாவின் உலாங்காங்கில் ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தின் உலக சாம்பியனானார். 2022 லவ்னிரை வென்ற பெல்ஜியத்தின் சியான் ஆய்ட்டெப்ரூக்ஸ் மறு ஆண்டே வுவெல்டாவில் எட்டாவது இடம் பிடித்தார்; அதற்குப் பின் உடல்நலக் கோளாறுகள் அவரைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு இழுத்தன.

2023-இல் வென்றவர் தெல் தோரோ. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் மெக்சிகோ வீரர். அங்கே அவர் வென்ற கட்டம் எது என்பதையும் பாருங்கள்: 2,300 மீட்டர் உயரத்தில் முடியும் கோல் தெ லா லோஸ், கடைசிப் பகுதியில் சைக்கிளை நிற்க வைத்துவிடும் சாய்வு கொண்ட மலை. சிறு குன்றுகளில் நேரம் சேர்த்து வென்றவர் அல்லர் என்பதை அந்த ஒரு முடிவே காட்டியது.

ஏணியில் சில படிகளைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. பிரான்ஸின் போல் சேக்சாஸ் 2024-இல் ஜூனியர் நேரப் பந்தய உலக சாம்பியன். 2025-இல் 18 வயதிலேயே நேரடியாகத் தொழில்முறை அணியில் சேர்ந்தார். அந்த ஜூனில் டூருக்கு முன்னோட்டமான தோஃபினே பந்தயத்தில் எட்டாவது வந்தார். அடுத்த மாதம் நடந்த டூருக்கு அவரை அனுப்பச் சொல்லிப் பிரான்ஸ் ரசிகர்கள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. அணி அனுப்பவில்லை. ஆகஸ்டில் தன் வயதுக்காரர்களுடன் லவ்னிருக்குப் போய் அதை வென்று திரும்பினார். அணியின் அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 18 வயதில் மூன்று வாரம் தாக்குப்பிடிப்பதைவிட, ஒரு வாரம் தலைமை தாங்கி வெல்லக் கற்பது அதிகப் பயன் தரும்.

எனவே உங்கள் வீரரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வெற்றியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த மலையில், பந்தயத்தின் எத்தனையாவது நாளில், யாரோடு மோதி வென்றார் என்று பாருங்கள். மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அவரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதல் ஆண்டில் இடத்தைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். தொழில்முறை அணியில் சேரும் இளைஞர் பெரும்பாலும் துணை வீரர். தலைவருக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுவருவது, காற்றை மறைப்பது, மலையடிவாரம் வரை அவரை முன்வரிசையில் வைத்திருப்பது, பிறகு ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டி எதிரணியினரைக் களைக்க வைப்பது ஆகியவை அவருடைய கடமைகள். கடமை முடிந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாக வந்து சேருவார். முடிவுப் பட்டியலில் 47-ஆவது இடம் என்றிருக்கும். அந்த 47-க்குள் ஒரு சிறந்த நாள் மறைந்திருக்கலாம்.

ஆகவே கடைசி ஏற்றத்தில் அணிகள் வரிசைகட்டும்போது உங்கள் வீரர் எப்போது முன்னால் வருகிறார் என்று பாருங்கள். அடிவாரத்தில் வேலை முடிந்துவிடுகிறதா? பாதி மலை வரை இழுக்கிறாரா? தலைவர் பாய்வதற்கு முந்தைய கடைசி ஆள் அவர்தானா? ஓராண்டுக்குள் அடிவாரத்திலிருந்து கடைசி ஆளாக உயர்ந்துவிட்டால், ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாவிட்டாலும் அது பெரிய வளர்ச்சி.

தெல் தோரோ இதில் அவசரக்காரர். 2024 ஜனவரியில் அணிக்காக ஓட்டிய முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டரில், லோபெத்தாலில் முடிந்த இரண்டாம் கட்டத்தை வென்றார்; மொத்தத்தில் மூன்றாவது. மார்ச்சில் நடந்த இத்தாலியின் ஒரு வாரப் பந்தயமான திரேனோ-அத்ரியாத்திகோவில் அவருடைய அணித்தோழர் ஹுவான் அயூசோ இரண்டாவது, இவர் நான்காவது. இந்த நான்காவது இடம் அந்த ஜனவரி வெற்றியைவிட எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. தலைவர் ஒருவர் அணியில் இருக்கும்போதே தானும் பின்தங்காமல் ஒரு வாரம் முழுவதும் நின்றதற்கான சான்று அது. அதே ஆண்டின் வுவெல்டாவில் முதன்முறையாக மூன்று வாரப் பந்தயம் ஓட்டினார். எந்த வீரரானாலும் முதல் மூன்று வாரப் பந்தயத்தில் முடிவை எதிர்பார்க்காதீர்கள். உடல் அதைத் தாங்கிப் பழகுவதற்காகவே அணிகள் அங்கே அனுப்புகின்றன.

நான்காம் படி: மலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பாக அதன் ஏற்ற இறக்க வரைபடம் வெளியாகும். அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஏற்றத்தின் நீளம், சராசரிச் சாய்வு, உச்சியின் உயரம், அதற்கு முன் எத்தனை மலைகள் கடந்தாகிவிட்டன என்பது.

ஊய் நகரத்துச் சுவர் எனப்படும் பெல்ஜியத்தின் ஏற்றம் 1.3 கி.மீ. நீளம்தான், சாய்வு சராசரியாக 9.6 சதவீதம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெடித்துப் பாயும் இளைஞர்களுக்கு அது வசதியான களம். ஆல்ப் துயெஸ் 13.8 கி.மீ., 8.1 சதவீதம்; முன்னணி வீரர்களுக்கு நாற்பது நிமிட வேலை. இரண்டிலும் ஒருவரே முன்னால் வருவார் என்று எண்ண வேண்டாம். இளம் வீரர்கள் பெரும்பாலும் குறுகிய ஏற்றங்களில்தான் முதலில் வெல்கிறார்கள். நீண்ட ஏற்றங்கள் பின்னால் கைகூடுகின்றன.

உயரம் தனியான ஒரு சோதனை. 2,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. அதே உடல் குறைந்த ஆற்றலையே தரும். அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2019 டூரை பெர்னால் கைப்பற்றியது 2,760 மீட்டருக்கும் மேல் உயரமான இசெரான் கணவாயில். அவர் பாய்ந்து உச்சியைக் கடந்த பிறகு ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் மறுபக்கச் சாலையை அடைத்துவிட, உச்சியில் பதிவான நேரத்தையே கணக்கில் எடுத்தார்கள். அவர் வளர்ந்த சிபாகிரா நகரமே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மற்றவர்கள் இந்தப் பழக்கத்தைப் பெறத்தான் தெனெரிஃபே தீவின் தெய்தே எரிமலைக்கும் ஸ்பெயினின் சியர்ரா நெவாடாவுக்கும் போய் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். உங்கள் வீரர் அத்தகைய முகாமுக்குப் போயிருக்கிறார் என்று செய்தி வந்தால், எந்தப் பந்தயத்தை அவர் குறிவைக்கிறார் என்பதை அதிலிருந்து ஊகித்துவிடலாம்.

ஐந்தாம் படி: மூன்றாவது வாரத்தை முழுமையாகப் பாருங்கள்

வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் வாரத்தில் திறமை தெரியும். மூன்றாவது வாரத்தில்தான் தினமும் இரவில் உடல் எவ்வளவு மீள்கிறது என்பது தெரியும். சோதனைக்கூடத்தில் அதை அளந்துவிட முடியாது. போகாச்சார் 2019 வுவெல்டாவில் மூன்று கட்டங்களை வென்றார். அவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது 20-ஆவது கட்டம். 20 வயதுக்காரர் ஒருவர், தன் முதல் மூன்று வாரப் பந்தயத்தின் இறுதிக்கு முந்தைய நாளில், நெடுந்தூரம் தனியாக ஓட்டி வென்று மொத்தத்தில் மூன்றாம் இடத்துக்கு ஏறினார். அடுத்த ஆண்டு டூரில் நடந்ததற்கு அறிகுறி அங்கேயே இருந்தது.

இனி 2025 ஜிரோ. தெல் தோரோவுக்கு வயது 21. அணியின் தலைவர்களாக வந்தவர்கள் அயூசோவும் ஆடம் யேட்ஸும். ஒன்பதாம் கட்டத்தில் சியேனாவைச் சுற்றியுள்ள மண்சாலைகளில் தெல் தோரோ முன்னேறிச் சென்று, பெல்ஜியத்தின் வூட் வான் ஆர்ட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, தலைமையைக் குறிக்கும் இளஞ்சிவப்பு ஜெர்சியை எடுத்தார். மெக்சிகோவில் யாரும் அதுவரை அதை அணிந்ததில்லை. அதே நாளில் அயூசோ கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டார். துணைக்கு வந்தவர் தலைவரானார்.

இங்கே முடிவுப் பட்டியலைவிட நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். 16-ஆவது கட்டம், சான் வாலந்தீனோ மலை. கடைசி ஏற்றத்தில் தெல் தோரோ பின்தங்கினார்; எதிரணியில் ஓட்டிய சைமன் யேட்ஸ் (ஆடமின் இரட்டைச் சகோதரர்; இனி யேட்ஸ் என்றால் இவர்தான்) 26 விநாடி, ஈக்வடோரின் ரிச்சர்ட் கராபாஸ் 31 விநாடி என்ற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். இளைஞர் உடைந்துவிட்டார் என்று பலரும் எண்ணிய மாலை அது. மறுநாள் மொர்த்திரோலோ மலையைக் கடந்து பொர்மியோவில் முடியும் கட்டத்தில் அவரே பாய்ந்து கட்டத்தை வென்றார். இந்த இரண்டு நாள்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு மோசமான நாளுக்கு அடுத்த நாள் என்ன செய்கிறார் என்பதே இளம் வீரரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நேர்மையான தகவல்.

மே 31, 20-ஆவது கட்டம். கராபாஸைவிட 43 விநாடி, யேட்ஸைவிட ஒரு நிமிடம் 21 விநாடி முன்னிலை. எதிரே கொல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே: 18.5 கி.மீ., சராசரி 9.2 சதவீதம், கடைசி 8 கி.மீ. தார் போடாத மண்சாலை, உச்சி 2,178 மீட்டர். முன்னணி வீரர்களுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும் ஏற்றம். அடிவாரத்திலேயே கராபாஸ் பாய்ந்தார், தெல் தோரோ பின்னால் ஒட்டினார். சற்றுப் பின்தங்கியிருந்த யேட்ஸ் வந்து சேர்ந்து, மீண்டும் மீண்டும் வேகம் கூட்டி, தனியாகப் போய்விட்டார். துரத்த வேண்டியவர் தெல் தோரோதான் என்று கராபாஸும், கராபாஸ்தான் என்று தெல் தோரோவும் இருந்ததில் இடைவெளி பெருகியது. முன்னால் சென்றிருந்த குழுவில் இருந்த வான் ஆர்ட் தன் அணித்தலைவர் யேட்ஸுக்காகக் காத்திருந்து, மலைக்குப் பிந்தைய பள்ளத்தாக்கில் அவரை முழு மூச்சோடு இழுத்துச் சென்றார். உச்சியில் இருந்த இடைவெளி அங்கேதான் எட்டாத தூரமாயிற்று. அன்று ஐந்து நிமிடத்துக்கும் மேல் போனது. யேட்ஸ் மூன்று நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார்.

அந்த இரவு தெல் தோரோவைக் குறை சொல்லாதவர்கள் குறைவு. எனக்கு வேறு விதமாகப் படுகிறது. கராபாஸின் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவர் ஈடுகொடுத்தார். கால்கள் நின்றுபோன வீரரின் ஓட்டம் அன்று அல்ல. தவறியது கணக்கு. 43 விநாடி தொலைவில் இருந்தவரைக் காப்பதில் முழுக் கவனமும் போய், ஒன்றே கால் நிமிடத்துக்குச் சற்று அதிகத் தொலைவில் இருந்தவர் கைநழுவினார். ஒரு பந்தயத்தை உண்மையிலேயே இழக்கத் தயாராக இருப்பவர்தான் சில நேரங்களில் அதைக் காப்பாற்ற முடியும்: முன்னால் வந்து தானே துரத்தி, கராபாஸ் தன் பின்னால் ஒட்டிக்கொண்டு சுகமாக வருவதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். 21 வயதில், முதல் முறை தலைமை வகிக்கும்போது அந்தத் துணிவு வராததில் வியப்பு ஏதுமில்லை.

வென்றவரின் கதையையும் இதனருகில் வைத்துப் பாருங்கள். 2018-இல் இதே சைமன் யேட்ஸ் 13 நாள் இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தார். 19-ஆவது கட்டத்தில், இதே ஃபினெஸ்த்ரே மலையில் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் முடிவுக்கு 80 கி.மீ. இருக்கும்போது பாய்ந்தார், யேட்ஸ் அன்று 38 நிமிடத்துக்கும் மேல் இழந்தார். அதே ஆண்டு வுவெல்டாவை வென்றாலும், ஜிரோவுக்காக 32 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் 2019-இல் போலந்து சுற்றுப் பந்தயத்தில் முன்னிலைக்கு வந்து, கடைசி நாளில் அதை இழந்தார். மூன்றாண்டு கழித்து, 25 வயதில், டூரை வென்றார். முதல் முறை தலைமையைக் காப்பது என்பது தனியே கற்க வேண்டிய ஒரு திறன். மலையேறும் திறன் இருந்தால் அதுவும் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

தெல் தோரோ அந்த ஜிரோவை இரண்டாம் இடத்திலும், இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சியோடும் முடித்தார். அடுத்த சில வாரங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. ஆஸ்திரியச் சுற்றுப் பந்தயத்தை வென்றார், ஆகஸ்டில் ஸ்பெயினின் புர்கோஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றார், இலையுதிர் காலத்தில் இத்தாலிய ஒருநாள் பந்தயங்களில் வரிசையாக வென்றார். சிறிய பந்தயங்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தலைமையில் இருந்துகொண்டே பந்தயத்தை முடித்துக்காட்டும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது.

ஆறாம் படி: ஏற்றம் தவிர மற்றவற்றையும் கவனியுங்கள்

மலையில் மட்டும் வல்லவராக இருப்பவர் நேரப் பந்தயத்தில் தோற்பார். 2020 டூரில் கடைசிக்கு முந்தைய நாள், லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலையில் முடியும் 36.2 கி.மீ. நேரப் பந்தயத்துக்கு முன் சுலோவீனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் 57 விநாடி முன்னிலையில் இருந்தார். போகாச்சார் அன்று அதை முழுவதும் துடைத்து, மொத்தத்தில் 59 விநாடி முன்னிலை பெற்றார். எனவே ஆண்டுதோறும் உங்கள் வீரர் நேரப் பந்தயங்களில் ஒரு கி.மீ.க்கு எத்தனை விநாடி இழக்கிறார் என்று குறித்து வையுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் அணி அவருக்காகக் காற்றெதிர்ப்பை அளக்கும் காற்றுக் குகைச் சோதனைகளில் பணம் செலவிடுகிறது, அதாவது தலைவராக்கப் பார்க்கிறது என்று பொருள்.

இறக்கம் வேறொரு கலை, ஆபத்தானதும்கூட. 2023 ஜூனில் சுவிஸ் சுற்றுப் பந்தயத்தில் ஆல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்த 26 வயது கினோ மேடர் மறுநாள் உயிரிழந்தார். இறக்கத்தில் ஓர் இளைஞர் எச்சரிக்கையாக இறங்கி பத்து விநாடி இழந்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லும் உரிமை, சோபாவில் அமர்ந்திருக்கும் நமக்கு இல்லை.

காயம் வளர்ச்சியை எப்போது வேண்டுமானாலும் முறித்துப்போடும். பெர்னால் 2021-இல் ஜிரோவையும் வென்றிருந்தார். 2022 ஜனவரியில் கொலம்பியாவில் பயிற்சியின்போது நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் மீது மோதி, முதுகெலும்பு, தொடையெலும்பு உட்பட உடல் முழுவதும் எலும்புகள் முறிந்தன. அதே ஆகஸ்டில் பந்தயத்துக்குத் திரும்பினார். மூன்று வாரப் பந்தயத்தில் மீண்டும் ஒரு கட்டத்தை வெல்ல 2025 வுவெல்டா வரை ஆனது. உங்கள் வீரர் விழுந்து எழுந்தால், பழைய எண்களோடு ஒப்பிடுவதை ஓராண்டாவது நிறுத்தி வையுங்கள்.

ஏழாம் படி: எப்போது பார்ப்பது, எதைக் குறிப்பது

மலைக் கட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நேரப்படி மாலை ஐந்து, ஐந்தரைக்கு முடியும். கோடையில் இந்தியாவும் இலங்கையும் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நமக்கு அது இரவு எட்டரை, ஒன்பது மணி. வேலை முடித்து வந்து கடைசி ஒன்றரை மணி நேரத்தைப் பார்க்கலாம். மலைக் கட்டத்துக்கு அது போதும். முடிவுகள், நேர வித்தியாசங்கள், ஏற்ற வரைபடங்கள், ஒவ்வொரு வீரரின் பழைய பந்தயங்கள் எல்லாம் புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் தளத்தில் இருக்கின்றன.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மலைக் கட்டத்துக்கும் பாதிப் பக்கம் போதும். பந்தயத்தின் எத்தனையாவது நாள், கடைசி ஏற்றம் எவ்வளவு நீளம், முடிவுக்கு மூன்று கி.மீ. இருக்கும்போது அவரோடு யார் யார் இருந்தார்கள், அன்றைய சிறந்த வீரரிடம் எத்தனை விநாடி இழந்தார், அவருக்காக யார் உழைத்தார் அல்லது அவர் யாருக்காக உழைத்தார். மறுநாள் முடிவையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டு இறுதியில் சென்ற ஆண்டின் பக்கங்களோடு ஒப்பிடும்போது, செய்தித் தலைப்புகள் சொல்லாத பலவற்றை நீங்களே காண்பீர்கள். எடுத்துக்காட்டாக, முதல் ஆண்டு மூன்று கி.மீ.க்கு முன்பே காணாமல் போனவர், இரண்டாம் ஆண்டு ஒரு கி.மீ. வரை ஒட்டியிருக்கிறார் என்பது.

இதுவரை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் வரும் ஆகஸ்டில் டூர் டி லவ்னிரின் கடைசி மூன்று மலைக் கட்டங்களைப் பாருங்கள். முதலில் வந்தவரை மட்டுமல்ல, மூன்று நாளும் முதல் பத்துக்குள் இருந்தவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு, அடுத்த ஜனவரியில் அவர் எந்த அணியின் ஜெர்சியில் பந்தயத்தைத் தொடங்குகிறார், அந்த அணியில் அவருக்கு முன்னால் எத்தனை தலைவர்கள் இருக்கிறார்கள் என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.